முன்னால் நடந்தவர்

எல்கடுவ பஸ் நிற்கும் இடத்தில் இரங்கல் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இராணுவத்தில் நீண்டகாலம் பணிபுரிந்தவர், ஓய்வு பெற்ற பின் சாதி மத பேதமின்றி ஊருக்கு உழைத்தவர், அன்பான கணவர், பாசமிகு தந்தை. படத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, யாரோ அதட்டிவிட்டது போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியிருந்ததெல்லாம் உண்மைதான். ஆனாலும் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் எப்படி நடப்பார் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி என்னத்தை எழுதுவது?

பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம் வைத்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா டீச்சர் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்துகிற எனக்கு, மைக்கைப் பிடித்ததும் வாய் கட்டிக்கொண்டது. "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வராததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

ஊரில் எல்லாருக்கும் அவர் சார்ஜன் நானா. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் முஸ்லிம் வீடுகளும் சிங்கள வீடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சரிவில், ரோட்டோரமாக அவருடைய வீடு. இராணுவத்தில் அவர் துப்பாக்கி தூக்கியதை விட இரும்புக் கம்பி பிடித்ததுதான் அதிகம். வடக்கே மண்ணுக்குள் புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கிற வேலை. முழங்காலில் நின்று, மெல்லிய கம்பியைச் சரித்து மண்ணுக்குள் விட்டு, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்து, ஒரு சாண் முன்னேறுவது. பார்த்து முடித்த பக்கத்துக்கு வெள்ளைக் கல். பார்க்காத பக்கத்துக்குச் சிவப்புக் கல். ஓய்வு பெற்று வரும்போது சீருடையையும் சப்பாத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை போலிருக்கிறது, கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

அவர் குடும்பம் நடந்து வருவதைத் தூரத்தில் கண்டாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். முன்னால் அவர், கண்ணை நிலத்தில் போட்டபடி. அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து, பின்னால் அவருடைய மனைவி. நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். ராத்தாவுக்குப் பின்னால் மகள். நானா ஆள் உயரம், எடுத்து வைக்கிற எட்டு பெரிது. ராத்தா கட்டையான பெண். அவருடைய அடிக்கு அடி வைக்க, ராத்தா பாதி நடையும் பாதி துள்ளலுமாக வருவார். ஒரு தடவை மாத்தளைக் கடைத்தெருவில் இந்த ஊர்வலம் எதிரே வந்தது.

"என்னாங்க ராத்தா, இங்கயுமா? தார் ரோட்டுக்குள்ள யாருங்க வெடி வச்சிருக்கா?" என்றேன்.

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுச் சிரித்தார். "என்ன செய்ய டீச்சர், பழகிப் பெய்த்து. கால் தானாப் போகுது."

நானா நின்றார். எனக்குப் பதில் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், என் செருப்புக்குப் பக்கத்தில் கையைக் காட்டினார். "வாழப்பழத் தோல் ஈக்கு டீச்சர். பாத்து வாங்க." இருந்தது. அன்றைக்கு நான் தோற்றேன்.

மகளைக் கட்டிக் கொடுத்தது நாவுலயில். வயல் வேலை பார்க்கிற, நல்ல குணமான பையன். சம்பந்தம் பேசப் போன அன்று நடந்ததை ராத்தா என் காம்பராவுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "மாப்பிள்ள குடிக்கிறானா, தொழுவுறானா, ஒண்ணும் கேக்கல்ல டீச்சர். வூட்ட சுத்திப் பெய்த்து, பின்பக்கக் கோடிக்குள்ள கம்பியக் குத்திக் குத்திப் பாத்துட்டு வந்து, நல்ல எடம், பேசி முடிப்பம் எண்டாரு. அவங்க வாப்பா என்னப் பாக்குறாரு. நான் எங்க போய் மூஞ்ச வைக்க?" கல்யாணத்துக்கு வந்த நாவுலக்காரர்களையும் அவர் விடவில்லை. தூறலில் எங்கள் சரிவு வழுக்குமென்று, பட்டுச் சாரிக்காரிகளை எல்லாம் ஒரே வரிசையில் தன் பின்னால் நடத்திக் கொண்டுவந்தார். "கல்யாணத்துக்கு வந்தமா, பரேட்டுக்கு வந்தமா?" என்று மாப்பிள்ளையின் மாமி சத்தமாகவே கேட்டார்.

அந்த மகள் வாலிபம் வந்த வயதில் அவர் பின்னால் நடக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. சிநேகிதிகள் கேலி செய்கிறார்களாம். சரி, நீ தனியாகப் போ என்று விட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது பள்ளிக்கூடம் புறப்படுவதற்கு முன்னால் அந்தப் பாதையில் இவர் ஒரு தடவை போய் நடந்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பாராம். மகளுக்குத் தெரியாது. ராத்தாவுக்குத் தெரியும். ராத்தாவுக்குத் தெரிந்தால் எனக்கும் தெரியும்.

ஏன் இப்படி என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். என் காம்பராவின் வேலியைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆணியை வாயில் கவ்விக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரிச் சொன்னார்.

"எனக்கு முன்னால ஒருத்தன் போனான் டீச்சர். நான் போக வேண்டிய எடம். அண்டைக்குப் பாத்து எனக்குச் சப்பாத்துக் கயிறு அவுந்து போச்சி. குனிஞ்சி கட்டினேன். கட்டி நிமிர முந்தி அவன் என்னத் தாண்டிப் பெய்த்தான்." ஆணியை எடுத்து அடித்தார். "அதுக்குப் பொறகு நான் யாரையும் முன்னால விடுறதில்ல."

நான் அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்வதை நிறுத்தினேன் என்று நினைக்க வேண்டாம். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்குத்தான் சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

மழைக்காலம் வந்தால் சரிவு முழுக்க அவருடையதுதான். ஒரு கையில் கம்பி, மறு கையில் இரண்டு பெயின்ட் தகரம். எந்த லயத்துக் கோடியில் வெடிப்பு விட்டிருக்கிறது, தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு இறங்குகிற படியில் எந்தக் கல் ஆடுகிறது என்று பார்த்து நிறம் அடித்துவிட்டுப் போவார். நோயாளியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினால், தூக்குகிறவர்களுக்கு முன்னால் அவர் ஓடுவார். சிங்கள வீடா, தமிழ் வீடா என்றெல்லாம் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. நிலத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. சிவப்புப் பெயின்ட்டைத் தாராளமாகச் செலவழிப்பார். வெள்ளை அடிப்பதென்றால் கை வராது. சரியான கஞ்சன்.

தோட்டத்து மாரியம்மன் தேர் போகிற பாதையில் ஒரு போக்கு இருக்கிறது. ரோட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடுவதற்குக் கட்டிய பழைய கல் போக்கு. ஒரு வருஷம் திருவிழாவுக்கு முன்னால் நல்ல மழை. நானா தானாகவே வந்து சேர்ந்தார். வெள்ளைச் சாரம், தொப்பி, கையில் கம்பி. தப்புச் சத்தம் காதைப் பிளக்க, தேருக்கு முன்னால் அவர் ரோட்டைக் குத்திப் பார்த்துக்கொண்டே போகிறார். "ஆத்தாளுக்கே வழி காட்டுற ஆளு நம்ம நானாதாங்க" என்று பூசாரி விழுந்து விழுந்து சிரித்தார். போக்குக்குப் பக்கத்தில் வந்ததும் நானா கையைத் தூக்கித் தேரை நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல ஏத்த வேணாம். எனக்கு மனசு சரியில்ல." மறுபடி தேரைத் திருப்பி, சுற்றுப் பாதையில் வியர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தபோது பொங்கல் ஆறிவிட்டது. அந்தப் போக்கு இன்னமும் அப்படியே நிற்கிறது. போன கிழமையும் உர மூட்டை ஏற்றிய லொறி ஒன்று அதன் மேலே போனது. போக்கு விழவில்லை என்பதை நான் அவர் முகத்துக்கு நேரே பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

"நல்லதுதானே டீச்சர். விழாட்டிச் சந்தோசந்தானே" என்பார்.

என் காம்பராவைச் சுற்றியும் வெள்ளைக் கல் நட்டுக் கொடுத்திருந்தார். அதற்குள்ளேதான் பிள்ளைகள் விளையாட வேண்டும். அதுகளோ அதையே விளையாட்டாக்கிவிட்டன. ஒன்று முன்னால் போகும். மற்றதெல்லாம் அதன் காலடியில் கால் வைத்து வரிசையாகப் போகும். அடி பிசகினால் ஆட்டம் போச்சு. அதற்குப் பெயரே சார்ஜன் நானா விளையாட்டு. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சிரிக்கமாட்டார். ஆனால் போகவும் மாட்டார்.

அந்தச் சரிவில் அவர் மனதார வெள்ளை அடித்த பெரிய இடம் ஒன்றுதான். பழைய ஸ்டோர். முன்பு தேயிலை அரைத்த கட்டடம், மூடிப் பல வருஷம். இரும்புத் தூண்கள், மட்டமான சீமெந்துத் தரை. அதைச் சுற்றி அவர் குத்திப் பார்க்காத இடம் இல்லை. பார்த்து முடித்த அன்று என்னையும் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. "இங்க கண்ண மூடிட்டு நிக்கலாம்" என்றார். ராத்தா உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு நின்று காட்டினார்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. அந்த மழையைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. நாவுலக்குப் போகிற வழியில் நாலந்தா பக்கம் ரோட்டுக்கு மேல் வெள்ளம் என்றார்கள், பஸ் இல்லை, கரண்ட் இல்லை. நாவுலயிலிருந்து மகள் போன் பண்ணி "வாப்பா, உம்மாவக் கூட்டிட்டு இங்க வாங்க" என்று அழுததாம். எப்படிப் போவது? விடிந்ததும் நானா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். "சாமான் எடுக்க வேணாம். புள்ளைகளத் தூக்குங்க. ஸ்டோருக்கு வாங்க." ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையாகப் போனோம். கிழவர், கர்ப்பிணி, மூன்று இனத்தவர், எல்லாரும் அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து. நானும் வைத்தேன்.

ஸ்டோருக்குள் ஆட்களை விட்டுவிட்டு, கடைசி லயத்தில் நடக்க முடியாத ஒரு பெரியவர் இருக்கிறார் என்று மறுபடி புறப்பட்டார். வாசல் படியில் ராத்தாவிடம் குடையைக் கொடுத்தார். அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

"நான் வார வரைக்கும் இங்கேயே இரு. ஒரு அடி எடுத்து வைக்காத."

"நீங்க பாத்துப் பெய்த்து வாங்க" என்றார் ராத்தா.

கொஞ்ச நேரத்தில் ஸ்டோருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் கான் வற்றிப் போனது. அவ்வளவு மழையில் கான் வற்றுவதென்றால் என்ன? மேலே எங்கேயோ மண் விழுந்து தண்ணீரை அடைத்திருக்கிறது. பிறகு அது மறுபடி வந்தது, சேறும் கல்லுமாக. மேலே மரம் முறிகிற சத்தம். தோட்டத்து வாச்சர் "ஓடுங்க, கோயில் பக்கம் ஓடுங்க" என்று கத்தினார். ஆட்கள் பக்கவாட்டுப் பாதையில் கோயிலை நோக்கி ஓடினார்கள். நான் ஒரு பிள்ளையை முதுகில் போட்டேன், ஒன்றை இடுப்பில் வைத்தேன். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, "சார்ஜன் நானா விளையாட்டு! என் பின்னால வாங்க!" என்று கத்தினேன். வந்தன. ஒன்று கூடப் பிசகவில்லை.

ராத்தா படியிலேயே நின்றார். என் முதுகில் இருந்த பிள்ளையின் தலையை நனையாமல் துவாயால் மூடிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க ராத்தா, வாங்க."

"நீங்க புள்ளைகளோட போங்க டீச்சர். அவரு வந்து பாக்கக்குள்ள ஆளில்லாட்டிப் பதறிப் பெய்த்துருவாரு. இந்தா, அவரக் கண்டதும் வாரேன்."

கோயில் வளைவில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஸ்டோர் இருந்த இடத்தில் ஸ்டோர் இல்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் வெள்ளை அடித்த நிலம் அசையவேயில்லை. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், சேற்றை அள்ளிய இடத்தில் சீமெந்துத் தரை வெடிப்பு இல்லாமல் கிடக்கிறது. வந்தது மேலேயிருந்து. வெகு உயரத்தில், மிளகுக் கொடியும் காட்டு மரமுமாக யாரும் போகாமல் கிடந்த ஒரு துண்டு மலை பெயர்ந்து, இரண்டு தேயிலை மலையைத் தாண்டி இறங்கி வந்தது. நானா வாழ்நாளெல்லாம் காலுக்குக் கீழே பார்த்துப் பழகியவர். வெடி வைக்கிறவன் மண்ணுக்குள்தான் வைப்பான். தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தோம்.

அடுத்த நாள் இராணுவப் பையன்கள் தோண்ட வந்தார்கள். காணாமல் போனது ராத்தா ஒருவர்தான். அந்தப் பெரியவரைக் கூட நானா முதுகில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்து சேர்த்திருந்தார். நானா சேற்று விளிம்பில் நின்று, எங்கே தோண்ட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். தூண் எங்கே இருந்தது, படி எங்கே இருந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். அவர்களின் அதிகாரி சின்ன வயசு. இவர் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து, "சார்ஜன், இந்த இடத்தில் என் பையன்கள் நிற்கலாமா, பயமில்லையா?" என்று மரியாதையாகக் கேட்டான். எங்கள் எல்லாருடைய முகமும் பழக்கத்தில் அவர் பக்கம் திரும்பியது. அவர் வாயைத் திறந்தார். மேலே மலையைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

ராத்தா படிக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நானா இருக்கச் சொன்ன இடத்தை விட்டு ஒரு அடி தள்ளவில்லை.

கீழே பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்தார்கள். ஜனாஸாவை மையவாடிக் கதவு வரைக்கும் நானா தோளில் சுமந்துகொண்டுதான் போனாராம். கதவுக்கு உள்ளே வெறும் மண். அங்கே அவருடைய கால் நின்றுவிட்டது. மருமகன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறான். அவர் தோளிலிருந்ததை வேறொருவர் வாங்கிக்கொண்டார். மனைவியின் கப்றுக்கு ஒரு பிடி மண் அவர் போடவில்லை.

நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தோம். நானா சீமெந்துத் தரையில் மட்டும் நடந்தார். மண்ணைக் கண்டால் நின்றுவிடுவார். மகள் நாவுலக்குக் கூப்பிட்டது, மாட்டேன் என்றுவிட்டார். ராத்தாவைப் பார்க்காமல் வரமாட்டாராம். போய்ப் பார்க்கவும் முடியவில்லை. மருமகன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, "நான் முன்னுக்குப் போறேன் மாமா, நீங்க பின்னால வாங்க" என்பான். "நீ முன்னால போகாத. போகாத மகன்" என்று அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எங்களால் என்ன செய்ய முடியும்? லயத்து ஆட்களுக்கு அவரை விட்டால் கேட்க ஆள் இல்லை. "நானா, லயத்துக்குத் திரும்பிப் போகலாங்களா? நீங்க சொன்னாப் போறோம்" என்று வந்து நிற்பார்கள். "எனக்குத் தெரியாது" என்பார். அந்தச் சொல்லை அவர் வாயில் நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

பிள்ளைகள் உயிரோடு வந்தது உங்கள் விளையாட்டால்தான் என்று நான் அவரிடம் சொன்னேன். சொன்னால் கொஞ்சம் ஆறுவார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அவ பயந்தாளா டீச்சர்?"

"இல்லீங்க நானா. புள்ளைக்குத் துவாய் போத்திவிட்டாங்க."

"நான் சொன்னதாலதானே இருந்தா?"

இதற்கு ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்று சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. பிள்ளைகளின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவரும் ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக எல்லாவற்றையும் மடித்து முடித்தோம்.

ராத்தாவின் நாற்பதாம் நாள் கத்தமும் வந்தது. முகாமிலேயே ஓதிச் சோறு கொடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் எனக்கு என்னவோ ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மழை மேல், மலை மேல், ராத்தா மேலும்தான். நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"எந்திரிங்க நானா. ராத்தாவப் பாக்கப் போறோம்."

"ஏலாது டீச்சர்."

"புள்ளைங்கள நான் எப்படிக் கூட்டிட்டு வந்தேன்? அது மாதிரித்தான். நான் முன்னுக்குப் போறேன்."

"வேணாம். முன்னால போகாதீங்க."

நான் அனுமதி கேட்கவில்லை. மண்ணில் இறங்கி நடந்தேன். கேட் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். திண்டாடிக்கொண்டு நின்றார். மருமகனின் சட்டையைப் பிடிக்கலாம், என் சேலையைப் பிடிக்க முடியாதே. என்னைத் தனியாக முன்னால் விடவும் அவரால் முடியவில்லை. கடைசியில் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் கால் வைத்த இடத்தில் காலை வைத்தார்.

கீழே மையவாடி வரை மண் பாதை. முதல் நாள் மழையில் ஊறி, காலடி நன்றாகப் பதிந்தது. நான் மெல்லப் போனேன். என் அடி சின்னது. அந்த உயர்ந்த மனுஷன் அதற்குள் அடி வைக்க, குறுகி, தடுமாறி, பாதி நடையும் பாதி துள்ளலுமாக வந்தார். ராத்தா அவர் பின்னால் எப்படி வருவாரோ, அப்படியே. எனக்கு அழுகை வந்தது, திரும்பாமல் நடந்தேன். பின்னாலிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு இடத்தில், "கல் ஈக்கு தங்கச்சி, பாத்து" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

கதவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே நான் நின்றேன். மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. புறப்படும்போது எனக்கு அது ஞாபகமே வரவில்லை. காலை நேரம், உள்ளே ஆண்கள் யாரும் இல்லை. மழை கழுவிவிட்ட செம்மண்ணில் ஒரு காலடி கூட இல்லை. கொஞ்சம் தள்ளி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் கட்டைகள் நட்ட புதுக் கப்று தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நான் ஒதுங்கி நின்றேன். அவர் என் கடைசிக் காலடியில் நின்றுகொண்டு உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். பாவம், முன்னால் போகச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் போகவில்லை. வலது காலைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். மறுபடி அதே இடத்தில், என் காலடிக்குள்ளேயே இறக்கிவிட்டார்.

பிறகு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே போய்விட்டு வீட்டுக்குத் திரும்பும் ஆள் உள்ளே அடுப்படியில் இருப்பவளுக்குக் கேட்கும்படி சொல்வது போல, சத்தமாகச் சொன்னார்.

"இந்தா, வந்துட்டேன்."

கம்பியைப் பிடித்தபடியே என் காலடிக்குள் சரிந்தார். அதற்கு மேல் அவர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.